நைரோபியில் முதுநிலைப் படிப்பு: அறை, கரண்ட், தண்ணீர், சமையல், மடாட்டு. விவரம் தெரிந்தவர்கள் வரவும்

#1 கூடல்நகர்

தங்கைக்கு நைரோபியில் இரண்டு வருட முதுநிலைப் படிப்பு கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் வகுப்பு. பல்கலைக்கழக விடுதியில் இடம் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். வெளியே அறை எடுத்துத் தானே சமைத்துச் சாப்பிட வேண்டும். சைவம், முட்டை உண்டு. கட்டணம், உதவித்தொகை எல்லாம் விசாரித்தாயிற்று. இனித் தெரிய வேண்டியது அன்றாட வீட்டுக் காரியங்கள்தான்: கரண்ட், தண்ணீர், கேஸ், பஸ், பணம். "ஆப்பிரிக்கா எப்படி இருக்கும்" என்கிற ரகப் பதில் இணையம் முழுக்கக் கிடக்கிறது, அது வேண்டாம்.

#2 பார்க்லாண்ட்ஸ்வாசி

கிளம்புவதற்கு முன் முடிக்க வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி. கென்யா இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் இருக்கிறது. லீவுக்கு ஊர் திரும்பும்போது ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை கையில் இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்து நேரே தனிமைப்படுத்தல்தான், 6 நாள் வரை. ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும். அதன்பின் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், துறைமுக சுகாதார அலுவலகம், தெற்கே இருப்பவர்களுக்குத் தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகம். எல்லா நாளும் போட மாட்டார்கள், முன்பதிவு வேண்டும். அட்டையில் பாஸ்போர்ட் எண் எழுதுவார்கள். பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தால் அதை முடித்துவிட்டு ஊசிக்குப் போகட்டும்.

நுழைவு அனுமதி. 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதில் மின்னணுப் பயண அனுமதி, ஈ-டி-ஏ. விமானம் ஏறுமுன் கையில் இருக்க வேண்டும், போய் இறங்கி வாங்க முடியாது. அதில் உள்ளே போய்விட்டு 90 நாளுக்குள் மாணவர் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். 90 நாள் இருக்கிறதே என்று உட்கார்ந்திருந்தால் மாட்டிக்கொள்வாள். சேர்க்கைக் கடிதம், பழைய சான்றிதழ்கள், செலவை ஏற்பவரின் கடிதம், பல்கலைக்கழகத்தின் கடிதம் எல்லாம் சேர்த்து முதல் வாரமே போட வேண்டும். கையெழுத்திட வேண்டிய ஆள் லீவில் போனால் இரண்டு வாரம் அதிலேயே போய்விடும். மாணவர் அனுமதி வந்தபின் வெளிநாட்டவர் அடையாள அட்டை தனி. 90 நாளுக்கு மேல் தங்குகிறவர்களுக்கு அது கட்டாயம்.

பிளாஸ்டிக் பை. இதை நம்மவர்கள் யாரும் நம்புவதில்லை. 2017 ஆகஸ்ட் 28 முதல் கென்யாவில் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை. அபராதம் லட்சக்கணக்கான ஷில்லிங்கில் எழுதப்பட்ட சட்டம். அம்மாக்கள் செருப்பை ஒரு கேரி பேக், ஊறுகாயை இரண்டு கேரி பேக் என்று சுற்றி அனுப்புவார்கள். எல்லாவற்றையும் மஞ்சப்பைக்கு மாற்றுங்கள். கம்பெனியே பாக்கெட் போட்டு ஒட்டிய மசாலாப்பொடி, அப்பளம் அதில் சேராது. பச்சைக் கறிவேப்பிலை, விதை, நாற்று எதுவும் எடுக்க வேண்டாம், அதற்குத் தனி அனுமதி கேட்பார்கள்.

#3 மின்பொறி

கரண்ட் பக்கம் நான் சொல்கிறேன்.

240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம் மிக்ஸி, குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு எதற்கும் டிரான்ஸ்பார்மர் தேவையில்லை. பிளக் மட்டும் வேறு: இங்கிலாந்து மாதிரி மூன்று தட்டைக் கால், உள்ளே ஃபியூஸ். போன் சார்ஜருக்கு அடாப்டர் போதும். இண்டக்‌ஷனை மெல்லிய பயண அடாப்டரில் செருகினால் பத்து நிமிடத்தில் பிளாஸ்டிக் இளகும், ஏனென்றால் 2 கிலோவாட் என்பது 8 ஆம்பியருக்கு மேல். பிளக்கை வெட்டிவிட்டு 13 ஆம்பியர் பிளக் டாப் மாட்டிக்கொள்ளுங்கள். எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும்.

மீட்டர் முன்பணம் கட்டும் ரகம். போனில் எம்-பெசா (போன் வழியே பணம் கட்டும் சேவை), அதில் பேபில் (கட்டணம் வாங்கும் நிறுவனத்தின் எண்) 888880, கணக்கு எண் இடத்தில் மீட்டர் எண், தொகை, கடைசியில் ரகசிய பின் நம்பர். 20 இலக்க டோக்கன் குறுஞ்செய்தியில் வரும், மீட்டர் கீபேடில் அடித்தால் யூனிட் ஏறும். செய்தி வராவிட்டால் *977#இல் போய்ப் பழைய டோக்கனைத் திரும்ப எடுக்கலாம். இரண்டாம் தடவை பணம் கட்ட வேண்டாம்.

தவறும் இடங்கள் இரண்டு.

முதலாவது, நெடுங்காலம் பூட்டிக் கிடந்த அறை. 2024 நவம்பர் 24க்குள் உலகம் முழுக்க இந்த ரக மீட்டர்களின் உள்குறியீட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதைச் செய்யாத மீட்டர் புது டோக்கனை ஏற்காது. அப்படியானால் மூன்று தொகுதி எண் வரும்: முதல் இரண்டும் புதுப்பிக்கும் குறியீடு, மூன்றாவதுதான் யூனிட். வரிசை மாறாமல் அடிக்க வேண்டும். அறை பார்க்கப் போகும்போதே 100 ஷில்லிங்குக்கு வாங்கி அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, உப மீட்டர். பல கட்டிடங்களில் மின்வாரிய மீட்டர் உரிமையாளருடையது ஒன்றுதான். அறைக்கு அறை தனியார் மீட்டர், அதற்கு வேறு பேபில். வீட்டு இணைப்பில் மாதச் சராசரி 30 யூனிட்டுக்குள் இருந்தால் குறைந்த விலை, 30 முதல் 100 வரை நடு விலை, அதற்கு மேல் கூடுதல் விலை. உப மீட்டர் அறைக்கு இந்தச் சலுகை வராது. உரிமையாளர் வாங்கும் விலைக்கு மேல் அவர் வைத்ததே விலை. "யூனிட் என்ன விலை?" என்று கேட்காமல் சாவி வாங்கக் கூடாது.

டோக்கனைத் தின்பது விளக்கும் மடிக்கணினியும் அல்ல, ஷவர். கீசருக்குப் பதில் ஷவர் தலையிலேயே சூடேற்றும் கருவிதான் பெரும்பாலான அறைகளில். 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். தினம் பத்து நிமிடம் குளித்தால் கிட்டத்தட்ட 0.9 யூனிட், மாதம் 27. அந்த 30 யூனிட் சலுகை குளியலிலேயே தீர்ந்துவிடும். வாளியில் பிடித்துக் குளித்தால் பாதியாகக் குறையும். குளித்து முடித்ததும் குளியலறைக்கு வெளியே இருக்கும் பெரிய இரட்டைத் துருவ சுவிட்சை அணைத்தே வைக்க வேண்டும். ஷவரைத் தொடும்போது சுரீரென்றால் எர்த் இல்லை என்று அர்த்தம். எலக்ட்ரீஷியன் வரும்வரை அந்த சுவிட்சைப் போடவே கூடாது.

#4 கூடல்நகர்

மிகவும் நன்றி. சமையலுக்கு கேஸா, இண்டக்‌ஷனா? எது மலிவு?

#5 மின்பொறி

கணக்குப் போட்டால் ஏறக்குறைய சமம். 6 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பம் சுமார் 76 யூனிட்டுக்குச் சமம். பாதி காற்றில் போகும், பாத்திரத்துக்கு 38. அதே 38ஐ இண்டக்‌ஷனில் எடுக்க 45 யூனிட் போதும். வரியெல்லாம் சேர்த்து யூனிட் 25 முதல் 30 ஷில்லிங் என்றால் 1,100 முதல் 1,350 ஆகிறது. 6 கிலோ கேஸ் நிரப்பும் விலையும் 1,300ஐ ஒட்டித்தான். உப மீட்டர் அறையென்றால் கேஸ். சொந்த மீட்டர், மாதம் 30க்கு மேல் எப்படியும் போகும் என்றால் இண்டக்‌ஷன். கரண்ட் போகும் நாளுக்கு ஏதாவது ஒன்று கூடுதலாகக் கையிருப்பில் இருக்கட்டும்.

#6 தோசைக்கல்

மின்பொறி அண்ணன் கணக்கு சரி, ஆனால் அந்த 6 கிலோ சிலிண்டரைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டார். அதில் பர்னர் சிலிண்டர் தலையிலேயே திருகி நிற்கும், குழாய் கிடையாது. தங்கை உயரத்துக்கு மூன்று லிட்டர் குக்கர் வைத்தால் முழங்கை மட்டத்துக்கு மேலே போய்விடும். தரையில் வைத்துத்தான் சமைக்க வேண்டும், அதுவும் சமதளத்தில். திருகும்போது ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பார்த்து, சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே பற்ற வைக்க வேண்டும்.

சிலிண்டரின் மேல்பட்டையில் வெற்று எடை பொறித்திருக்கும். அதோடு 6 கூட்டினால் வர வேண்டிய எடை. கடையில் தராசு இல்லை என்றால் அந்தக் கடை வேண்டாம். திருட்டுத்தனமாக நிரப்பும் இடங்கள் எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2024 பிப்ரவரி தொடக்கத்தில் எம்பாகாசியில் நடந்த வெடிப்பே போதும்.

இனி அடுப்பில் என்ன நடக்கும் என்று பார்ப்போம். நைரோபி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர். ஊட்டி அளவு இல்லை, கொடைக்கானலுக்கும் கீழே; ஆனாலும் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக ஊரைவிட நெடுநேரம் எடுக்கும். ராஜ்மா, கொண்டைக்கடலைக்கு இன்னும் அதிகம். குக்கர் அவசியம். குக்கருக்குள்ளும் ஊரில் 121 டிகிரி வருகிற இடத்தில் இங்கே 117தான், ஆகவே நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டுங்கள்: ஊரில் நான்கு விசில் என்றால் இங்கே ஐந்து, பருப்பை அரைமணி ஊறவைத்தால் நல்லது. சோற்றைத் திறந்து வடிக்கிறவர்கள் கால் டம்ளர் தண்ணீர் கூடுதலாக வைக்க வேண்டும்.

மாவு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேகமூட்டம், ஜூலை ராத்திரி 10–12 டிகிரிக்கு இறங்கும், எந்த அறையிலும் ஹீட்டர் இருக்காது. எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு இங்கே பதினாறு, இருபது மணி எடுக்கும். ஊறவைக்கும் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கட்டும், உளுந்தோடு ஒரு டீஸ்பூன் வெந்தயம், அரைத்ததும் கையால் நன்றாகக் கலக்கி, பாத்திரத்தைப் பெரிய வாளியில் வெந்நீர் பாட்டிலோடு வைத்துக் கம்பளி மூடவும். பாட்டிலை ஆறு மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உப்பைப் பொங்கிய பிறகு போட்டால் சீக்கிரம் பொங்கும்.

#7 யாழ்பாடி

உப்பை முதலே போட்டாலும் பொங்கும், வெக்கைதான் முக்கியம். அதை விடுங்கோ.

காசைப் பற்றி ஒருத்தரும் இன்னும் விரிவா எழுதேல்லை. நைரோபியிலை பொக்கற்றிலை தாள் வைச்சிருக்கத் தேவையில்லை. மரக்கறிக்காரி தொடக்கம் வீட்டு வாடகை வரைக்கும் எல்லாம் எம்-பெசா. 2007இலை வந்தது, இப்ப அது இல்லாமல் ஒரு நாளும் ஓடாது.

சிம் எடுக்க ஒறிஜினல் பாஸ்போர்ட் கொண்டு நேரே கம்பனிக் கடைக்குப் போகவேணும். தெருக் குடைக்குக் கீழை விக்கிறவையிட்டை எடுத்தால் ஆற்றையோ பேரிலை பதிஞ்சு தருவினம், பிறகு பின் மறந்தால் மீட்கேலாது. *106# அடிச்சால் தங்கச்சியின்ரை பாஸ்போர்ட்டிலை எத்தினை நம்பர் பதிஞ்சிருக்கு எண்டு காட்டும். பாஸ்போர்ட் புதுப்பிச்சால் திரும்பக் கடைக்குப் போய் நம்பரை மாத்த வேணும்.

காசு குடுக்கிற வழி மூண்டு. ஆளுக்கு ஆள் அனுப்புறது: 100 ஷில்லிங் வரைக்கும் இலவசம், 500 வரைக்கும் 7, ஆயிரம் வரைக்கும் 13. கடையின்ரை டில் நம்பருக்குக் குடுத்தால் சாமான் வாங்கிற எங்களுக்குக் கட்டணம் இல்லை. பேபில் எண்டால் கணக்கு நம்பரும் சேர்த்து அடிக்க வேணும். வாடகைக்கு அது அறை நம்பர். அறை நம்பரைப் பிழையா அடிச்சால் காசு போய்ச் சேரும், ஆனால் உங்கடை கணக்கிலை ஏறாது, பிறகு கெயார்டேக்கரோடை மல்லுக்கட்டு. ஏஜென்ரிட்டைத் தாளா எடுத்தால் 100க்கு மேலை 2,500 வரைக்கும் எவ்வளவெண்டாலும் 29 ஷில்லிங். அதனாலை சின்னச் சின்னத் தொகையா எடுக்காதேங்கோ.

அனுப்ப முன்னம் திரையிலை பேர் வரும். அதை வாசிக்காமல் பின் அடிக்கக் கூடாது. பிழையா அனுப்பினால் அந்தக் குறுஞ்செய்தியை 456க்கு அனுப்பி வையுங்கோ, மற்றவர் காசை எடுக்க முன்னம் எண்டால் திரும்பும். மோசடியும் இதே வழியிலைதான் வரும்: "அக்கா, பிழையா உங்களுக்கு 3,000 அனுப்பிட்டன், திருப்பி அனுப்புங்கோ" எண்டு அழுதுகொண்டு எடுப்பினம். திருப்பி அனுப்பவே கூடாது. அவர் 456க்குச் சொல்லட்டும். முதலிலை மிச்சத்தைப் பாருங்கோ, அந்த 3,000 வந்தே இருக்காது.

#8 கூடல்நகர்

ஊரிலிருந்து எம்-பெசாவுக்கே நேரடியாக அனுப்பலாமா?

#9 பார்க்லாண்ட்ஸ்வாசி

இந்தியாவிலிருந்து போவதற்கு வங்கிப் பரிமாற்றம்தான் சீரான வழி. கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே நேரடியாக அனுப்புங்கள். குறிப்பில் மாணவர் எண் கட்டாயம், இல்லையென்றால் யார் பணம் என்று தெரியாமல் கிடக்கும். இடைவங்கி பிடித்தம் போகக் கணக்கில் 20, 30 டாலர் குறைவாக ஏறும். அந்தச் சில்லறை பாக்கிக்காகவே தேர்வு நுழைவுச்சீட்டைக் கணினி தடுத்துவிடும். கூட்டியே அனுப்பவும். செலவுப் பணத்துக்கு அங்கே மாணவர் கணக்கு ஒன்று தொடங்கி, அதிலிருந்து எம்-பெசாவுக்கு மாற்றிக்கொள்ளலாம். 2024 நடுப்பகுதியிலிருந்து டாலருக்கு 129 ஷில்லிங்கை ஒட்டியே நிற்கிறது, மாற்று விலைக்காகக் காத்திருப்பதில் பெரிய லாபம் இல்லை.

டாலர் கார்டை ஷில்லிங் எந்திரத்தில் போட்டுத் தாள் எடுப்பதுதான் எல்லாவற்றிலும் நட்டம்: கார்டுக்காரனுக்கு ஒரு கமிஷன், எந்திரத்துக்கு ஒரு கட்டணம்.

#10 தாமரைக்குளம்

அறை பிடிப்பது எப்படி என்று யாராவது? எந்தப் பகுதி?

#11 பார்க்லாண்ட்ஸ்வாசி

பல்கலைக்கழகம் எங்கே என்பதைப் பொறுத்தது. ஊர் நடுவே இருக்கும் வளாகம் என்றால் இங்காரா, பார்க்லாண்ட்ஸ். திக்கா சாலைப் பக்கம் என்றால் ரொய்சாம்பு, கஹாவா வெண்டானி. மடராக்கா வளாகம் என்றால் மடராக்கா, சவுத் பி. நைரோபியில் குறுக்கே போகும் பயணம் என்று ஒன்று கிடையாது. பெரும்பாலான தடம் நகர நடுவே வந்துதான் பிரியும். பத்து கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டு வண்டி, ஒன்றரை மணி நேரம். வாடகை 3,000 குறைகிறது என்று எதிர்த்திசையில் எடுத்தால் அந்த 3,000 பஸ்ஸிலேயே போய்விடும்.

ஒரே அறைக்குள் சமையல் மூலையும் தனிக் குளியலறையும் இருப்பது பெட்சிட்டர். சிங்கிள் ரூம் என்றால் குளியலறை பொது. திக்கா சாலைப் பக்கம் பெட்சிட்டர் சுமார் 8,000 முதல் 15,000 வரை, பார்க்லாண்ட்ஸில் அதைவிடத் தாராளமாகக் கூடும்.

தெருவில் தகரப் பலகையில் போன் நம்பர் எழுதி வைத்திருக்கும் தரகர்கள் "பார்க்கும் கட்டணம்" என்று 500, 1,000 கேட்பார்கள். கொடுத்தால் காலி இல்லாத அறையாக மூன்று காட்டிவிட்டு மறைவார்கள். நேரே கட்டிட வாசலுக்குப் போய்க் கெயார்டேக்கரைக் கேட்பதே வழி. ஒரு மாத வாடகை, ஒரு மாத முன்பணம், கூடவே தண்ணீருக்கும் கரண்ட்டுக்கும் சிறு முன்பணம். இந்தியாவிலிருந்தே அனுப்பிப் பதிவு செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். முதல் பத்து நாளுக்கு விடுதியிலோ தெரிந்தவர் வீட்டிலோ தங்கிக்கொண்டு, பிறகு தேடட்டும்.

காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று முன்பணத்தில் பிடிப்பது ஊர் வழக்கம். எவ்வளவு என்று முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுத வைத்து, உள்ளே போகும் நாளில் சுவர், சிங்க், ஜன்னல் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக் கெயார்டேக்கருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும்.

#12 யாழ்பாடி

தண்ணியை விட்டிட்டியள்.

#13 பார்க்லாண்ட்ஸ்வாசி

வருகிறேன். அதுதான் பெரிய விஷயம்.

நகரத் தண்ணீரில் பெரும்பகுதி அபர்டேர் மலைப்பக்கம் இந்தகைனி அணையிலிருந்து வருகிறது. நகரத்துக்குப் போதாது, ஆகவே பகுதிக்குப் பகுதி முறை வைத்து விடுகிறார்கள். வாரத்தில் எத்தனை நாள், எந்தக் கிழமை, கட்டிடத்தில் நிலத்தடித் தொட்டி உண்டா, மேல்தொட்டிக்கு மோட்டார் யார் போடுவது என்று கேட்க வேண்டும். கேட்டால் மட்டும் போதாது, குழாயைத் திறந்து பார்க்க வேண்டும், அதுவும் முறையில்லாத நாளில். அறைக்குள் மூடியுள்ள 20 லிட்டர் கேன் குறைந்தது நான்கு நிரப்பியே இருக்கட்டும்.

ஆழ்குழாய்த் தண்ணீர் உள்ள கட்டிடத்தில் தண்ணீர் எப்போதும் வரும், அதனால் எல்லோரும் அதைத்தான் தேடுவார்கள். குளிக்க, துவைக்க சரி. குடிக்க வேண்டாம். நைரோபி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பல்லில் கறை என்றால் விளங்கும். கொதிக்க வைத்தால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். மெழுகுவர்த்தி ரக வடிகட்டியும் புற ஊதா விளக்கும் அதைத் தொடாது. ஆர்.ஓ. வேண்டும், அல்லது 20 லிட்டர் குடிநீர் நிரப்பும் கடை. சோற்றுக்கும் சாம்பாருக்கும் கூட அந்த ஆர்.ஓ. அல்லது கடைத் தண்ணீர்தான். நகரக் குழாய்த் தண்ணீர் என்றால் கொதிக்க வைத்துக் குடிக்கலாம். 94 டிகிரிக் கொதிப்பில் கிருமி செத்துவிடும், மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்க விட்டால் போதும்.

#14 மின்பொறி

ஒரு சேர்க்கை. ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் ஷவர் தலையும் அதற்கென்று உள்ள ரகமாக இருக்க வேண்டும். நல்ல தண்ணீர் ரகத்தில் சூடேற்றும் கம்பி தண்ணீரிலேயே நனைந்து நிற்கும். உப்புநீர் பட்டால் சில மாதத்தில் எரிந்துபோகும், அதற்கு முன் ஷாக் அடிக்கும். மாற்றும் செலவு யாருடையது என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

#15 கூடல்நகர்

பச்சரிசி, பருப்பு, புளி, காய் எல்லாம் எங்கே வாங்குவது? வெளியில் சைவமாக என்ன கிடைக்கும்?

#16 தோசைக்கல்

பருப்புக்குப் பஞ்சமே இல்லை. துவரை கென்யாவில் விளைகிறது, மச்சாகோஸ், மக்குவேனி, கிட்டுயிப் பக்கம். அங்கே பெயர் இம்பாசி. முழுதாக எந்தச் சந்தையிலும் கிடைக்கும், உடைத்த பருப்பாக வேண்டுமென்றால் இந்தியக் கடை. பச்சைப்பயறு, அவர்கள் சொல்வது இந்தெங்கு, தெருமுனைக் கடையிலேயே கிலோ கணக்கில் இருக்கும். உளுந்து, இட்லி அரிசி, பெருங்காயம், நல்லெண்ணெய்க்கு பார்க்லாண்ட்ஸ் டயமண்ட் பிளாசா பக்கமும் இங்காராவும். முருங்கைக்காய், வெண்டை, பாகல், கறிவேப்பிலைக்கு லிமுரு சாலை சிட்டி பார்க் சந்தை.

அரிசியில்தான் தடுமாறுவாள். உள்ளூர் ம்வேயா பிஷோரி மணமானது, விலையும் அதிகம், சாம்பாருக்கு ஒட்டாது. அன்றாடச் சோற்றுக்குப் பாகிஸ்தான் நீள அரிசிதான் கட்டுப்படியாகும். பொன்னி எதிர்பார்க்க வேண்டாம்.

தேங்காயும் புளியும் கடற்கரைப் பக்கமிருந்து வருவதால் நைரோபியில் விலை கூடுதல். தயிருக்கு மாலா என்று ஒரு புளித்த பால் பாக்கெட்டில் வரும். இனிப்புச் சேர்க்காததைப் பார்த்து எடுத்தால் தயிர்சாதத்துக்கு அப்படியே ஆகும்.

வெளியில்: சப்பாத்தியும் இந்தெங்கும், சப்பாத்தியும் பீன்ஸும், சோளமும் பீன்ஸும் வேகவைத்த கித்தேரி, சுகுமா விக்கி கீரையோடு உகாலி என்கிற சோளமாவுக் களி. பல்கலைக்கழக வாசலில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் கிபாண்டாவில் 100 முதல் 150 ஷில்லிங்குக்குள் வயிறு நிறையும். சப்பாத்தி நம் பரோட்டாவுக்குத் தம்பி, எண்ணெய் தாராளம். கித்தேரியிலும் கீரையிலும் சில இடங்களில் இறைச்சித் துண்டோ மாட்டிறைச்சிச் சுவைப் பொடியோ சேர்ப்பார்கள். "சிலி இன்யாமா" என்று சொன்னால் இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று புரியும், ஆனால் சூப்புக்கு அது பொருந்தாது என்று சிலர் நினைப்பார்கள். "இந்தப் பானையில் இறைச்சி வெந்ததா" என்று தனியாகக் கேட்க வேண்டும். டீ பால், சர்க்கரை எல்லாம் போட்டே கொதிக்கும்.

#17 தாமரைக்குளம்

மடாட்டு?

#18 யாழ்பாடி

மடாட்டு எண்டால் ஊருக்குள்ளை ஓடுற தனியார் வண்டி, 14 சீற் வானும் 33 சீற் பஸ்ஸும். ரூட் நம்பர் முன் கண்ணாடியிலை இருக்கும்: 46 கவங்வாரே, 111 இங்கோங், 125, 126 ரொங்காய், 44, 45 கிதுராய்ப் பக்கம், 237 திக்கா, 34 விமான நிலையப் பக்கம். நிறைஞ்சால்தான் வெளிக்கிடும். ஏற முன்னம் கட்டணத்தைக் கேக்க வேணும். காலமை ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை, மழை துமிச்சால் அதே தூரத்துக்கு இரட்டிப்பு. மார்ச் தொடங்கி மே வரை பெருமழை, ஒக்ரோபர் தொடங்கி டிசம்பர் வரை சின்ன மழை. அந்த நாளிலை பின்னேரம் நாலு மணிக்கு முன்னம் வெளிக்கிட்டால் பாதிக் காசும் பாதி நேரமும் மிஞ்சும். காசை ஏறி இருந்த பிறகு குடுங்கோ, ஸ்ரேஜிலை நிக்கிற ஆளிட்டைக் குடுக்காதேங்கோ, அவர் கொண்டக்ரரே இல்லை. மிச்சக் காசு இறங்க முன்னம் கேட்டு வாங்க வேணும். இறங்க "ஷுகிஷா" எண்டால் காணும்.

யன்னல் ஓரத்திலை போன் பாக்கக் கூடாது. நெரிசலிலை வண்டி நிக்கேக்கை வெளியிலை இருந்து கை வரும்.

#19 பார்க்லாண்ட்ஸ்வாசி

ராத்திரி எட்டுக்கு மேல் நூலகத்திலிருந்து திரும்பினால் செயலி டாக்சி, இரண்டு மூன்று பேர் சேர்ந்து. போராட்ட நாளிலும் நகர நடுவுக்குள் போகக் கூடாது. போராட்ட நினைவு நாட்களான ஜூன் 25, ஜூலை 7 இரண்டையும் நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளட்டும்: அன்று சாலைகளை மூடக்கூடும், மடாட்டு ஓடாமல் போகலாம். முதல்நாளே காய்கறியும் டோக்கனும் வாங்கிவிட வேண்டும்.

#20 நெறியாளர்

படிப்பு நடைமுறை தெரிந்தவர்கள் யாராவது? கேட்டவர் படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் தேர்வு முறை அன்றாடத்தோடு சேர்ந்ததுதான்.

#21 தாமரைக்குளம்

அது எனக்குத் தெரியும். பருவத்துக்கு நடுவே கேட் என்று சொல்லும் உள்தேர்வுகளும் ஒப்படைப்புகளும் 30 அல்லது 40 மதிப்பெண், மீதி இறுதித் தேர்வு. 70க்கு மேல் எடுத்தாலே ஏ. 85, 90 என்று பழகியவர்கள் 68ஐப் பார்த்துவிட்டு அழ வேண்டாம், அது நல்ல பி. முதுநிலைக்குப் பல இடங்களில் தேர்ச்சி 50.

தேர்வு எழுதியும் பட்டியலில் மதிப்பெண் காணாமல் போவது பொதுப் பல்கலைக்கழகங்களில் பழைய வியாதி. பட்டமளிப்புக்கு முந்தைய மாதம்தான் தெரியவரும். திருத்திய கேட் தாள், ஒப்படைப்பு அனுப்பிய மின்னஞ்சல், தேர்வு நுழைவுச்சீட்டு, வருகைத்தாளில் கையெழுத்திட்ட போட்டோ எல்லாவற்றையும் பாடவாரியாக ஒரு கோப்பில் வைக்க வேண்டும். வகுப்புப் பிரதிநிதியின் வாட்ஸ்அப் குழுதான் உண்மையான அறிவிப்புப் பலகை. அறை மாற்றம், நேர மாற்றம் எல்லாம் அதில் வரும், இணையதளத்தில் வராது.

விரிவுரையாளர் வேலைநிறுத்தம் 2024லும் 2025லும் வந்தது, வாரக்கணக்கில் வகுப்பு நின்றது. பருவம் தள்ளிப்போனால் மாணவர் அனுமதியின் தேதி தானாகத் தள்ளிப்போகாது. படிப்பு முடியும் மாதத்துக்கு ஆறு மாதம் கூட்டியே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் காலாவதிக்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கப் போட வேண்டும். திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்ற முடியாத மலிவு ரகத்தில் எடுக்காதீர்கள்.

மாணவர் அனுமதியில் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. பகுதிநேர வேலையைக் கணக்கில் வைத்து வரவு செலவு போட வேண்டாம்.

#22 கூடல்நகர்

எல்லோருக்கும் நன்றி. பெட்டியில் 23 கிலோதான் இடம். தோசைக்கல் அக்கா, பாத்திரத்தில் எது அவசியம்?

#23 தோசைக்கல்

மூன்று லிட்டர் குக்கர், அடியில் இண்டக்‌ஷன் தட்டு உள்ளது. அதற்கு இரண்டு கேஸ்கட், இரண்டு சேஃப்டி வால்வு உபரி. அங்கே குக்கர் கிடைக்கும், நம் கம்பெனிக்குப் பொருந்தும் கேஸ்கட் கிடைப்பது சந்தேகம். குக்கருக்குள் அடங்கும் இட்லித் தட்டு. மிக்ஸி 500 வாட் போதும், ஒரு பெரிய ஜார், ஒரு சின்ன ஜார். குக்கர் வயிற்றுக்குள் ரசப்பொடியையும் பெருங்காயத்தையும் அடைத்துவிட்டால் இடம் மிச்சம். அரிசி பருப்பு ஒரு கிலோ கூட வேண்டாம். அந்த எடைக்கு ஒரு கனமான கம்பளி வைக்கச் சொல்லுங்கள்: செப்டம்பரில் காலை குளிர் இன்னும் விட்டிருக்காது.